விடை கடைசி பக்கத்தில் இருக்கு... வழி எங்கே?

பிளஸ்-1 சேர்ந்து 2 மாதம் ஆகியிருக்கும். 10-ம் வகுப்பில் கணக்கில் 90-க்கு மேல் வாங்கிய பையன், ராத்திரி புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பேய் அறைந்த மாதிரி உட்கார்ந்திருப்பான்.

"என்னடா, கணக்குதான் உனக்கு தண்ணிபட்ட பாடாச்சே?" என்று அம்மா கேட்பாள்.

"விடை கடைசி பக்கத்துல இருக்கும்மா. அது எப்படி வந்துச்சுன்னுதான் புரியல" என்பான் பையன்.

சென்னையில் வியாசர்பாடியானாலும் சரி, சைதாப்பேட்டையானாலும் சரி, பிளஸ்-1 கணக்கு குரூப் எடுத்த பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு கேட்காமல் இருக்காது.

2018-ம் ஆண்டு வந்த பிளஸ்-1 கணக்கு புத்தகத்துக்கு 2 தொகுதிகள், 12 பாடங்கள். முதல் தொகுதியில் உள்ள 6 பாடங்களில் கணம், சார்பு, இயற்கணிதம், முக்கோணவியல், ஈருறுப்பு தேற்றம், நேர்கோடு எல்லாம் வருகிறது. நுண்கணிதம் என்ற மாடிக்கு ஏறும் படிக்கட்டு இதுதான். இந்தப் படிக்கட்டில்தான் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள்.

பஸ் டிக்கெட் பாடம்

சார்பு என்றால் என்ன? புத்தகம் இரண்டு கணங்களை எடுக்கிறது. அவற்றைப் பெருக்குகிறது. அதில் ஒரு உட்கணம் என்கிறது. சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் தனியாக உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு இது மந்திரம் மாதிரி இருக்கிறது.

பஸ் கண்டக்டரைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் புரிய வைத்து விடுவார். ஒரே பஸ்சில், ஏறின இடத்தில் இருந்து ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் ஒரு கட்டணம். ஒரே ஸ்டேஜுக்கு இரண்டு கட்டணம் கேட்டால் பஸ்சிலேயே சண்டை வரும். இரண்டு ஸ்டேஜுக்கு ஒரே கட்டணம் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். சார்பு என்பது இவ்வளவுதான்!

இப்போது திருப்பிப் பாருங்கள். டிக்கெட்டில் உள்ள காசை வைத்து, எந்த ஸ்டேஜில் இறங்குவார் என்று சொல்ல முடியுமா? இரண்டு ஸ்டேஜுக்கு ஒரே கட்டணம் என்றால் முடியாது. பிளஸ்-2-வில் வரும் 'நேர்மாறு முக்கோணவியல் சார்பு' பாடத்தின் தலைவலி முழுக்க இதில் அடங்கி இருக்கிறது. பிளஸ்-1-ல் இதைப் புரிந்துகொள்ளாத பிள்ளை அங்கே போய் திருதிரு என்று விழிக்கத்தான் செய்யும்.

நூல் ஒன்று போதும்

அடுத்த பயம் ரேடியன். அதுவரை டிகிரியில் கணக்கு போட்ட பிள்ளைக்கு திடீரென்று 'பை' போட்ட கோணம் வருகிறது. ஏன் வந்தது என்று தெரியாமலே சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறார்கள்.

ஒரு சைக்கிள் சக்கரமும் கொஞ்சம் நூலும் போதும். நடு அச்சில் இருந்து விளிம்பு வரை நூலை அளந்து வெட்டு. அதே நூலை விளிம்பின் மேல் வளைத்து வை. நூலின் இரண்டு முனைக்கும் நடுவே அச்சில் உண்டாகிற கோணம்தான் ஒரு ரேடியன். சுமார் 57 டிகிரி. சக்கரத்தை முழுசாகச் சுற்ற இப்படி 6 நூலும் இன்னும் கொஞ்சமும் வேண்டும்.

சைன் 30-ஐயும் சைன் 60-ஐயும் கூட்டினால் சைன் 90 வரும் என்று எழுதாத பிள்ளை குறைவு. கூட்டிப் பார்த்தால் 1.366 வருகிறது. சைன் 90 என்பது 1. எந்தக் கோணத்துக்கும் சைன் 1-ஐ தாண்டாது. இதை ஒருமுறை பிள்ளையே போட்டுப் பார்த்துவிட்டால் அந்தத் தப்பு ஜென்மத்துக்கும் வராது. சிவப்பு மையில் வெறும் பெருக்கல் குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த பரீட்சையிலும் வரும்!

கைடு கைகொடுக்குமா?

புத்தகம் புரியாதவன் கைடு வாங்குகிறான். வசதி உள்ளவன் டியூஷன் போகிறான். கைடில் எல்லா வரியும் இருக்கும். ஏன் அந்த வரி என்பது மட்டும் இருக்காது. பள்ளி பரீட்சைக்கு அது உதவலாம். ஜே.இ.இ. தேர்வில் பிளஸ்-1 பாடமும் உண்டு. அங்கே கைடு எந்த மூலைக்கு?

அரசு பள்ளியில் புத்தகம் இலவசம். டியூஷன் இலவசம் இல்லை. அப்பா மீன்பாடி வண்டி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் புத்தகமும் வகுப்பு வாத்தியாரும்தான் கதி. வாத்தியார் ஒரு பாடத்தை ஓட்டிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு நாதி இல்லை.

தாண்டிக் குதித்த பாடம்

1978-ல் பிளஸ்-2 முறை வந்தபோது இது 2 வருஷப் படிப்பு என்றுதான் வந்தது. நாளடைவில் என்ன நடந்தது? என்ஜினீயரிங் சேர பிளஸ்-2 மார்க்தான் கணக்கு. அதனால் பல தனியார் பள்ளிகள் பிளஸ்-1 பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, முதல் வருஷமே பிளஸ்-2 பாடத்தை ஆரம்பித்தன.

அப்படி மார்க் அள்ளிக்கொண்டு போனவர்களில் எத்தனையோ பேர் கல்லூரி முதல் செமஸ்டரில் கணக்கில் 'அரியர்' வைத்து அழுதார்கள். கடைசியில் 2017-18-ல் பிளஸ்-1-க்கும் பொதுத்தேர்வு கொண்டு வரப்பட்டது.

2025-26 கல்வியாண்டு முதல் அந்தத் தேர்வு கிடையாது என்று அறிவித்து விட்டார்கள். பிள்ளைகளுக்கு 3 வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு பாரம் என்பது உண்மைதான். பாரத்தை இறக்கியது சரி. பாடத்தையும் சேர்த்து இறக்கி விடக்கூடாதே!

என்ன செய்யலாம்?

பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். பிளஸ்-1 வகுப்பில் பிளஸ்-2 புத்தகம் திறந்திருக்கிறதா என்று அதிகாரிகள் முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்க்கட்டும். பிளஸ்-1 தொடங்கி முதல் 2 வாரம், 10-ம் வகுப்பு கணக்கில் எங்கே ஓட்டை என்று பார்த்து அடைக்கட்டும். புத்தகத்தின் கடைசியில் விடை போட்ட மாதிரி, பயிற்சிக்கு 2 கணக்குக்காவது முழு வழியையும் 'ஏன்' என்ற காரணத்தோடு அச்சடிக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. "எத்தனை மார்க்?" என்று கேட்கிற நேரத்தில், "இது எப்படிடா வந்துச்சு? எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டிய அவசியம் இல்லை. சொல்லத் தெரியாமல் பிள்ளை எங்கே நிற்கிறதோ, அந்த இடத்தை மறுநாள் வாத்தியாரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

கேட்கிற பிள்ளையை "இதுகூட தெரியாதா?" என்று உட்கார வைக்காமல், வாத்தியார் சாக்பீசை எடுக்க வேண்டும். எடுப்பார்களா?