பிரேக்கர் காப்பது ஒயரை

"மோட்டார் எரியக் கூடாதென்றால் சின்ன பிரேக்கர் போடு, ரோபோ சீற வேண்டுமென்றால் பெரிய பிரேக்கர் போடு." எஃப்.ஆர்.சி. ரோபோ போட்டிக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு இன்றும் இதைப் பாடமாகச் சொல்கிறார்கள். இரண்டு பாதியும் தப்பு.

பின்பாதிக்கு ஒரு வரி போதும்: மோட்டார் எத்தனை ஆம்ப் இழுக்கும் என்பதை வோல்ட்டேஜும் லோடும் தீர்மானிக்கின்றன, பிரேக்கர் அல்ல.

முன்பாதிதான் மோட்டார்களைக் கொல்கிறது. 775புரோ மோட்டாரைப் பாருங்கள். சுமார் 360 கிராம்தான் எடை. 12 வோல்ட்டில் சுழல முடியாமல் இறுகி நின்றால் 134 ஆம்ப் இழுக்கும். 40 ஆம்ப் பிரேக்கர் அந்தக் கணமே விழுமா? விழாது. உள்ளே இருப்பது சூட்டில் வளையும் ஈருலோகத் தகடு. அது சூடேறி வளைவதற்குள் மோட்டாரின் சுருள் புகையத் தொடங்கிவிடலாம்.

இதைவிட மோசம், பாதி வோல்ட்டேஜில் இறுகுவது. பிரேக்கர் இருப்பது மோட்டாரை இயக்கும் கண்ட்ரோலருக்கு முன்னால், பேட்டரிப் பக்கத்தில். கண்ட்ரோலர் 6 வோல்ட் கொடுக்கும்போது மோட்டாருக்குள் 67 ஆம்ப் ஓடும். அதே திறன் 12 வோல்ட்டில் வருவதால், பேட்டரியிலிருந்து வருவதோ ஏறக்குறைய 33 ஆம்ப். 40 ஆம்ப் பிரேக்கருக்கு அது சாதாரண ஓட்டம். சுழலாத மோட்டாரில் 400 வாட்டும் சூடாகவே மாறுகிறது, பிரேக்கர் அசைவதில்லை. சரி, 20 ஆம்ப் போட்டால்? 3 வோல்ட்டில் இறுகினால் பேட்டரிப் பக்கம் 8 ஆம்ப்தான். சுருளில் 100 வாட் எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சின்ன பிரேக்கரும் இதைப் பார்க்காது. ஆனால் அதே 20 ஆம்ப் பிரேக்கர், நன்றாக ஓடும் ரோபோவைத் தள்ளுமுள்ளு நடுவே நிறுத்திவிடும்.

போட்டி விதியைப் படித்திருந்தாலே இந்தப் பாடம் பிறந்திருக்காது. 40 ஆம்ப் பிரேக்கருக்குக் குறைந்தது 12 கேஜ் ஒயர், 30க்கு 14, 20க்கு 18 (கேஜ் எண் சிறிதானால் ஒயர் தடிமன்). மோட்டாரின் பெயரே அங்கே இல்லை. 40 ஆம்ப் பிரேக்கருக்குப் பின்னால் 18 கேஜ் ஒயர் போட்டால் பிரேக்கர் விழுமுன் ஒயரின் உறை உருகலாம். உருகாவிட்டாலும் இழப்பு உண்டு. போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர் என்றால், 100 ஆம்ப் ஓடும்போது 12 கேஜ் ஒயர் 1 வோல்ட் தின்னும், 18 கேஜ் 4 வோல்ட்டுக்கு மேல். சீற வேண்டுமென்று சொன்னவர்கள் கவனித்திருக்க வேண்டிய இடம் இதுதான்.

மோட்டாரைக் காக்க வேண்டுமானால், மோட்டார் பக்கத்து மின்னோட்டத்தை அளக்கும் கண்ட்ரோலரை வாங்கி, அதிலேயே ஆம்ப் வரம்பு வையுங்கள்.