பரண்ல கிடக்கிற இசைத்தட்டு லட்சத்துக்குப் போகுமா?

தங்கம், எஃப்டி பத்திப் பேசும்போதெல்லாம் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கமிருந்து ஒரு கேள்வி தவறாம வருது. "தாத்தா காலத்து ரெக்கார்டு ஒரு பெட்டி இருக்கு, என்ன ரேட்டு போகும்?"

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். அதை முதலீடுன்னு நினைக்காதீங்க. அதுக்காகப் பழைய இரும்புக் கடையில எடைக்கும் போட்டுடாதீங்க.

முதல்ல கையில இருக்கிறது என்னன்னு பாருங்க. கனமா இருந்து, லேசாத் தட்டினா ஓடு மாதிரி சத்தம் கேட்டா அது அரக்குத் தட்டு. அரக்கோட கல்பொடி கலந்து செஞ்சது, நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும். பொதுவா 10 அங்குலம், ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷப் பாட்டு. கீழே விழுந்தா ரெண்டா உடையும். லேசா வளைஞ்சு கொடுத்தா வினைல், அதாவது எல்பி காலத்துச் சரக்கு. பளபளப்பா ஆக்கறேன்னு அரக்குத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சுடாதீங்க. ஸ்பிரிட்ல அரக்கு கரையும். பாட்டும் போகும், விலையும் போகும்.

அடுத்தது, அது எங்கிருந்து வந்ததுங்கறது. இதைத்தான் யாரும் கேக்கறதில்ல. நம்ம கரிசல் பக்கம் பெரும்பாலும் ரெண்டு வழிதான். ஒண்ணு, வசதியான வீட்டு கிராமபோன் பெட்டி. இன்னொண்ணு, கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் குழாய் கட்டின மைக்செட்காரர் சரக்கு. ரெண்டாவது வகை நூத்துக்கணக்கான தடவை ஓடியிருக்கும். வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, வரி சாம்பல் நிறமா வெளுத்திருந்தா முள்ளு பாட்டைத் தின்னுடுச்சுன்னு அர்த்தம். உறையில கடை முத்திரை, வீட்டுப் பேரு, தேதி ஏதாவது இருந்தா கிழிச்சுப் போடாதீங்க. தட்டோட பூர்வீகத்துக்கு அதுதான் சாட்சி.

நாய் படம் போட்ட எச்எம்வி தட்டுன்னாலே காசுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில அந்தத் தட்டு குவியல் குவியலா அடிச்சாங்க. பார்க்க வேண்டியது நாயை இல்ல, நம்பரை. லேபிள்ல ஒரு நம்பர், பாட்டு முடியற இடத்து வெறும் வளையத்துல பொறிச்ச இன்னொரு நம்பர். எந்தப் பதிவு, எந்த அச்சுன்னு தேட அந்த ரெண்டும்தான் கைகொடுக்கும்.

நம்ம ஊர் உதாரணமே எடுத்துக்குவோம். கோவில்பட்டியில வாழ்ந்த நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம், 1962ல வந்த 'கொஞ்சும் சலங்கை'யில எஸ்.ஜானகி குரலோட வாசிச்ச பாட்டு ஊரையே கட்டிப்போட்டது. ஊரெல்லாம் வாங்கின தட்டு எப்படி அரிய தட்டாகும்? புகழ் வேற, அரிது வேற. அதே நேரம், நாலு பேருக்குக்கூடப் பேரு தெரியாத ஒரு நாடக நடிகரோட பழைய தட்டு, சேகரிப்பாளர் கண்ணுல பொக்கிஷமா இருக்கலாம். இங்கிலாந்து பீட்டில்ஸ் கதையும் இதுதான். மத்த நாடுகள் பலதும் 78 தட்டைக் கைவிட்ட பிறகும் இந்தியாவுல அவங்க பாட்டை அரக்குத் தட்டுல அடிச்சாங்க. இன்னைக்கு வெளிநாட்டுக்காரங்க அதைத்தான் தேடி அலையறாங்க. நல்ல பாட்டுங்கறதுக்காக இல்ல, கிடைக்காதுங்கறதுக்காக.

இணையத்துல ஒருத்தர் 50,000 ரூபாய்னு போட்டிருந்தா அது அவர் ஆசை. வித்து முடிச்ச விலை எவ்வளவுன்னு பாருங்க. 2,000 ரூபாய்க்கு விக்கிற தட்டை வியாபாரி உங்ககிட்ட 500க்குக் கேட்டா அது அநியாயம்னும் சொல்ல முடியாது. வாங்க ஆள் வர்ற வரைக்கும் அவர் பணம்தான் அங்க முடங்கிக் கிடக்கும். மாசாமாசம் எஸ்ஐபி போடற காசை எடுத்து 'வின்டேஜ்' பெட்டி வாங்கறவங்களைப் பார்த்தா எனக்கு நிஜமாவே பயமா இருக்கு. அவசரத்துக்கு விக்க முடியாததை எப்படிச் சேமிப்புன்னு சொல்றது?

விக்கணும்னு முடிவு பண்ணிட்டா, ஒவ்வொரு தட்டோட ரெண்டு நம்பரையும் ஒரு நோட்டுல எழுதி, லேபிளை போட்டோ எடுத்துக்குங்க. தமிழ் நாடகம், நாகஸ்வரம், பேச்சுன்னு வித்தியாசமா ஏதாவது இருந்தா, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி ஆவணக் காப்பகத்துக்கு முதல்ல அந்தப் பட்டியலை அனுப்பிக் கேளுங்க. "மொத்தமா எடுத்துக்கறேன்"னு சொல்றவர்கிட்ட, தட்டு தட்டா விலை சொல்லச் சொல்லுங்க. அதுவரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்காம, புத்தகம் மாதிரி நிறுத்தி வைங்க. தகரக் கூரைக்கு அடியில இருக்கிற பரண் மட்டும் வேண்டாம், நம்ம ஊர் வெயில் உங்களுக்கே தெரியும்.