ஆட்டைத் தராசில் ஏற்று, அப்புறம் விலை பேசு!

 

நம் தூத்துக்குடி மாவட்டத்தில் எதை விற்றாலும் அதற்கு ஓர் அளவு இருக்கிறது. உப்பளத்து உப்புக்கு டன் கணக்கு. கரிசல் காட்டுப் பருத்திக்குக் குவிண்டால் கணக்கு. மிளகாய் வற்றலும் உளுந்தும் தராசில் ஏறித்தான் இறங்குகின்றன. பாலுக்கு லிட்டர் உண்டு, கொழுப்புக்கும் கணக்கு உண்டு. தெரேஸ்புரம் கரையில் இறங்கும் மீனை நாலு பேர் காதில் விழும்படி ஏலம் கூவுகிறார்கள். ஆனால் ஒரு வருஷம் வெயிலிலும் மழையிலும் பின்னாலேயே நடந்து மேய்த்து வளர்த்த ஆட்டுக்கு மட்டும் அளவு கிடையாது! வியாபாரி வருகிறார், முதுகை அமுக்குகிறார், காதைப் பிடித்துத் தூக்குகிறார், "என்ன அண்ணாச்சி, ஆடு மெலிஞ்சுல்லா கிடக்கு" என்கிறார். அவர் வாயில் வருவதுதான் விலை.

முத்துக்குளித்துறையில் 1961-இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. அந்தக் காலத்தில் சிப்பிக்குள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதை இருக்கிறதா என்று எடுத்தவனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. அப்படிப்பட்ட சிப்பியைக்கூட கரையில் எண்ணிக் குவித்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஊரறிய ஏலம் விட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சரக்குக்கே ஒரு கணக்கு இருந்தது. கண்ணெதிரே நாலு காலில் நிற்கும் ஆட்டுக்குக் கணக்கு இல்லை என்றால், அது யாருக்கு வசதி?

கண் மதிப்பில் போகும் காசு

கணக்கைப் போட்டே பார்ப்போம். உயிர் எடை கிலோவுக்கு 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ கிடாவுக்கு 7,000 ரூபாய் வர வேண்டும். அதைக் கண்ணால் பார்த்து "17 கிலோ தேறும்" என்று வியாபாரி மதித்தால் 5,950 ரூபாய்தான் கையில் வரும். மூன்று கிலோ, கண்ணுக்குத் தெரியாத மூன்று கிலோ, 1,050 ரூபாயைத் தின்றுவிட்டது. வருஷத்துக்குப் பத்து உருப்படி விற்கும் குடும்பத்துக்கு 10,500 ரூபாய் நஷ்டம். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு அந்த மூன்று கிலோவில்தான் இருக்கிறது.

அந்தக் கிடாவை அறுத்தால் உயிர் எடையில் ஏறத்தாழ பாதி கறியாகும். தலை, கால், குடல், ஈரல், தோல் எல்லாம் தனிக்காசு. கறிக்கடையில் 50 கிராம் குறைந்தாலும் வாங்குகிறவர் சண்டை போடுகிறார். அவருக்குத் தராசு இருக்கிறது, சண்டை போட இடம் இருக்கிறது. நமக்கு?

கண் மதிப்பில் வியாபாரி ஏமாறுவதும் உண்டே என்று சிலர் கேட்கலாம். அவர் ஒரு சந்தையில் நூறு ஆட்டை அமுக்கிப் பார்க்கிறவர், அதுவே அவர் தொழில். நாம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு ஆட்டைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள். இந்தப் பந்தயத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

பரண் அமைத்து வளர்க்கும் பெரிய பண்ணைக்காரர்கள் பலர் உயிர் எடைக்குத்தான் விற்கிறார்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் சந்தைகளில் கிலோவுக்கு என்ன விலை போனது என்பதை அன்றன்றைக்கு வெளியிடுகிறார்கள். ஆக, ஆட்டை எடை போட முடியாது என்பது பொய். சின்ன விவசாயியின் ஆட்டை எடை போட யாருக்கும் மனசில்லை என்பதுதான் உண்மை.

நமக்கு அவசரம், அவர்களுக்கு நிதானம்

எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தை தென் மாவட்டங்களுக்கே பேர் போன ஆட்டுச்சந்தை. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வாரங்களில் கோடிக்கணக்கில் வியாபாரம் நடந்ததாகப் பத்திரிகையில் படிக்கிறோம். நல்லதுதான். ஆனால் அந்தக் கோடியில் வளர்த்தவனுக்கு எவ்வளவு, இரண்டு மாதம் முன்னாலேயே வாங்கிக் கட்டிவைத்தவனுக்கு எவ்வளவு? இந்தக் கணக்கைப் பத்திரிகை எழுதுவதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் வரத்து குறைகிறது, மீன் விலை ஏறுகிறது, ஜனங்கள் கறிக்கும் கோழிக்கும் போகிறார்கள். ஊர் ஊராகக் கோயில் கொடைகள் நடப்பதும் இதை ஒட்டித்தான். கறிக்குத் தேவை கூடுகிற இதே நாட்களில் விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு பக்கம் என்ன நிலைமை? காடு காய்ந்து கிடக்கிறது. உடைநெத்தும் வேலங்காயும் பொறுக்கிப் போட்டு ஆட்டைக் காப்பாற்றுகிறோம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, உரக்கடைப் பாக்கி கழுத்தை நெரிக்கிறது. ஆடு மெலிந்திருக்கும் நேரத்தில், நாமும் மெலிந்திருக்கும் நேரத்தில், சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகிறோம். கறிக்கடைப் பலகையில் விலை ஏறினாலும் நம் தொழுவத்துக்கு அந்த ஏற்றம் வந்து சேர்வதில்லை.

மழைக்காலம் வந்தால் இன்னொரு பயம். செம்மறிக்கு நீலநாக்கு நோய், வெள்ளாட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய். பக்கத்து ஊரில் நோய் என்று காதில் விழுந்தாலே, செத்துப்போவதற்கு முன்னால் காசாக்கிவிடுவோம் என்று கிடைத்த விலைக்குத் தள்ளுகிறோம். அந்தப் பயத்துக்கும் வியாபாரி ஒரு விலை வைத்திருக்கிறார்.

நாட்டுக்கோழி கதையும் இதுதான். வீட்டு வாசலுக்கே டிவிஎஸ் 50-இல் கூடையோடு வருகிறார். கையால் தூக்கிப் பார்த்து "ஒரு கிலோதான் இருக்கும்மா" என்கிறார். அந்தக் கை தராசா? வெறும் கைதானே!

முட்டைக்காரர்களைப் பாருங்கள்

1982-க்கு முன்னால் முட்டைக்கும் வியாபாரி சொன்னதுதான் விலை. அந்த வருஷம் டாக்டர் பி.வி. ராவ் முன்னின்று பண்ணையாளர்களைத் திரட்டினார், தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது. அதன்பிறகு விலையை வளர்ப்பவர்கள் கூடி அறிவிக்கிறார்கள். நாமக்கல் மண்டலத்தில் இன்றைக்கு முட்டை என்ன விலை என்று டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். அந்த முட்டை நம் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகவும் கடல் தாண்டிப் போகிறது. மாலத்தீவுக்கு மட்டும் 2024-25-ஆம் ஆண்டுக்கு இந்திய அரசு ஒதுக்கிய அளவு 42 கோடி முட்டைக்கு மேல். இத்தனை சிறிய முட்டைக்கு நாடறிந்த விலை இருக்கும்போது, வேம்பூர் ஆட்டுக்கும் கன்னி ஆட்டுக்கும் கொடி ஆட்டுக்கும் ஏன் இல்லை?

அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. அறிவித்த விலையில் இத்தனை காசு கழித்துக்கொண்டு வியாபாரிகள் வாங்குவதை நாமக்கல்காரர்கள் 'மைனஸ்' என்கிறார்கள், அதை எதிர்த்து இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தில் பறவைக் காய்ச்சல் என்றதும் இங்கே முட்டை விலையும் கோழி விலையும் விழுந்தன. 2020-இல் கொரோனா வதந்தியில் மறுபடி விழுந்தன. பலகையில் விலை எழுதினால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. ஆனால் பலகை இருந்தால்தான் எத்தனை காசு கழித்தான் என்று கேட்கவே முடியும். நமக்குக் கழிப்பதும் தெரியாது, கூட்டுவதும் தெரியாது.

கறிக்கோழிப் பண்ணைகளும் ஒரு பாடம் சொல்கின்றன. அங்கே தராசு உண்டு, கிராம் கணக்கு உண்டு. ஆனால் குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது, வளர்ப்புக் கூலியை நிர்ணயிப்பதும் கம்பெனி. தராசு இருந்தும் சங்கம் வலுவாக இல்லாவிட்டால் கூலிதான் மிஞ்சும். நமக்குத் தராசும் வேண்டும், சங்கமும் வேண்டும்.

விலை எழுதப்படாவிட்டால் இழப்பும் எழுதப்படாது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையிலும் குளத்துப் பாசனத்திலும் தொழுவத்தோடு ஆடு மாடுகள் போயின. ஆட்டுக்கு முன்பு 3,000 ரூபாயாக இருந்த நிவாரணத்தை 4,000 ரூபாய் என்று உயர்த்தி அரசு அறிவித்தது. உயர்த்தியதை வரவேற்கிறோம். ஆனால் பக்ரீத்துக்கு வளர்த்த கிடாவுக்கும் 4,000, இரண்டு குட்டி சுமந்த சினையாட்டுக்கும் 4,000. இது என்ன நியாயம்?

"இல்லை அய்யா, என் கிடா 12,000 ரூபாய் பெறும்" என்று எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பது? சந்தையில் விற்ற விலை எங்கேயும் பதிவாகவில்லை. அதனால்தான் வங்கிக்காரரும் ஆட்டைச் சொத்தாக மதிக்கத் தயங்குகிறார், காப்பீட்டுக்காரரும் தனக்குத் தோன்றிய மதிப்பைப் போடுகிறார். தராசும் பதிவேடும் வந்தால் விற்கிற அன்றைக்கு மட்டும் லாபமில்லை. கடன் கேட்கும் அன்றைக்கும், ஆடு சாகிற அன்றைக்கும் அதுதான் நமக்குச் சாட்சி.

2011-இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லா ஆடுகள் நான்கு கொடுக்க ஆரம்பித்தது. வளர்க்கக் கொடுத்த அரசு, வளர்ந்ததை நியாயமாக விற்க ஒரு தராசு வைக்கக் கூடாதா? பருத்திக்கும் மிளகாய்க்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் உண்டு. காய்கறிக்கு 1999-லேயே உழவர் சந்தை வந்தது. ஆட்டுக்காரன் மட்டும் உழவன் இல்லையா?

வியாபாரிகள் சொல்லும் பதில்

"எடை போட்டால் நீங்கள் வயிறு முட்டத் தண்ணீர் காட்டிக் கொண்டுவருவீர்கள்" என்கிறார்கள். அப்படிச் செய்கிறவர்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சந்தைக்குள் வந்து இரண்டு மணி நேரம் கட்டிப்போட்டு, பிறகு எடை போடுங்கள். எல்லாருக்கும் ஒரே சட்டம், யாருக்கும் நஷ்டமில்லை.

"வளர்ப்புக் கிடாவையும் சினையாட்டையும் கிலோவில் விற்க முடியுமா?" என்கிறார்கள். முடியாது, ஒத்துக்கொள்கிறோம். கொம்புக்கும் நிறத்துக்கும் இனத்துக்கும் தனி விலை உண்டு. அதை எடைக்கு மேலே பேசிக்கொள்வோம். எடை என்பது தரை. தரைக்குக் கீழே விலை போகக் கூடாது, அவ்வளவுதான்.

நம் கோரிக்கைகள்

1. மாவட்டத்தின் ஒவ்வொரு கால்நடைச் சந்தையிலும் முத்திரையிட்ட எடைமேடை வேண்டும். விற்பவர் கேட்டால் எடை போட்ட பிறகே விலை பேச வேண்டும்.

2. அன்றைய கிடா, பெட்டை, குட்டி விலையை உயிர் எடைக் கணக்கில் சந்தை வாசலில் எழுதிப்போட வேண்டும்.

3. விற்ற ஒவ்வொரு உருப்படிக்கும் எடையும் விலையும் எழுதிய ரசீது வேண்டும்.

4. சந்தையில் தண்ணீர், நிழல், கால்நடை மருத்துவர் வேண்டும். நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்று எல்லாரும் பார்க்கும்படி எழுதிவைக்க வேண்டும்.

5. வெள்ள நிவாரணத்தையும் காப்பீட்டையும் வயது, எடை, சந்தை விலை பார்த்து நிர்ணயிக்க வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். ஊருக்கு ஒரு தொங்கு தராசு வாங்குவோம். சந்தைக்குக் கிளம்பும் முன் ஆட்டை எடை போட்டு நோட்டில் எழுதுவோம். விற்ற விலையையும் அதே வரியில் எழுதுவோம். நாலு வீட்டு ஆட்டைச் சேர்த்து ஒன்றாக ஓட்டிப்போவோம். வாசலுக்கு வரும் கோழி வியாபாரியிடம் "முதல்ல தராசுல போடுங்க" என்று நம் பெண்கள் சொல்லட்டும். மூன்று மாத நோட்டைத் தூக்கிக்கொண்டு கோரம்பள்ளம் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று போய் நிற்போம். வெறும் வாயால் கேட்டால் பரிசீலிக்கிறோம் என்பார்கள். நோட்டைக் காட்டிக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

விவசாயிகளின் தலைவர் நாராயணசாமி நாயுடு 1984-இல் நம் கோவில்பட்டியில்தான் உயிர் நீத்தார். மின்கட்டணத்தில் ஒரு பைசாவுக்குக்கூட கணக்குக் கேட்க விவசாயிக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்த மண்ணில் மூன்று கிலோவை விட்டுக்கொடுத்துவிட்டு வீடு திரும்பலாமா?

அடுத்த சந்தைக்குள் உங்கள் ஊர்த் தராசு தயாராகட்டும்!

எடை போடாமல் விலை பேசாதே!
ரசீது இல்லாமல் ஆட்டை அவிழ்க்காதே!
ஒன்றுபடுவோம்! உரிய விலை பெறுவோம்!