பெயர் நிற்க நான்கு கால்

பங்காருபேட்டை ரயில் நிலையத்தின் குறியீடு இன்றும் பி.டபிள்யூ.டி.தான். 1862 முதல் 1870 வரை மைசூர் கமிஷனராக இருந்த லூயின் பௌரிங்கின் பெயரால் ஊர் பௌரிங்பேட்டையாக இருந்த காலத்தின் மிச்சம் அது. இங்கிருந்து தங்கவயலுக்குப் பிரியும் பாதையில் கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று நிலையங்கள் வரும். கடல் இல்லாத ஊரில் கோரமண்டல்! சோழமண்டலம்தான் அப்படித் திரிந்தது என்பார்கள். ரயில்வேயின் மஞ்சள் பலகை இந்தப் பெயர்களைக் காப்பாற்றிவிட்டது.

சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த லைன்களின் பெயர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்பு தேடி பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள் இளைஞர்கள். வாய்ச்சொல்லாக மட்டும் இருக்கும் பெயர், சொல்பவர் போனால் கூடவே போய்விடும்.

அரசு நினைவுச்சின்னம் எழுப்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மரப்பலகை போதும். குழி தோண்டாமல் தானாக நிற்கும் கம்பமாக இருந்தால் நல்லது. பாறைத் தரையைக் கொத்த வேண்டாம், தேவைப்பட்டால் இடம் மாற்றலாம். இடத்துக்கு உரியவரிடம் அனுமதி மட்டும் வாங்கிவிடுங்கள்.

நான்கு அங்குலச் சதுரத்தில் ஆறடிக் கம்பம் ஒன்று. அடியில், மூன்றடிக் கட்டைகள் இரண்டை நடுவில் பாதிப் பாதியாகச் செதுக்கி, சிலுவைபோல ஒன்றுக்குள் ஒன்று படிய வையுங்கள். அதன்மேல் கம்பத்தை நிறுத்தி, நான்கு பக்கமும் சாய்வாகத் தாங்குகட்டை கொடுத்து போல்ட் போட்டு முடுக்குங்கள். அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறைந்தால், பலகையில் மோதும் காற்று கம்பத்தைச் சாய்த்துவிடும். கால்களின் மேல் கனமான கற்களையும், கீழே செங்கற்களையும் வையுங்கள். கரையான் ஏறுவது தாமதமாகும், ஏறினாலும் கண்ணில் படும். கம்பத்தின் வெட்டுமுனைதான் தண்ணீரை அதிகம் குடிக்கும். உச்சியைச் சரிவாகச் சீவி, பிரைமர் பூசி, பிறகு எனாமல் அடியுங்கள்.

ஓர் அங்குல எழுத்து பத்தடி தூரத்துக்குச் சிரமமில்லாமல் தெரியும். பாதை அகலத்தைப் பார்த்து அளவு வையுங்கள். மேலே கன்னடம், கீழே தமிழ், ஆங்கிலம். எழுதுமுன் அந்த லைனின் மூத்தவர்கள் இருவரிடமாவது பெயரைக் கேட்டுச் சரிபாருங்கள். பலகையைப் பிறகும் செய்யலாம். அவர்களைக் கேட்பதைத் தள்ளிப்போட முடியாது.