ஆடி மாதம் கல்யாணம் வையுங்கள்

"கையில் காசில்லை, ஆனால் கல்யாணம் அழகாக நடக்க வேண்டும், என்ன செய்யலாம்?" என்று இந்த ஆண்டு மட்டும் நான்கு வீட்டார் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நான்கு வீட்டாரும் முதலில் குறைக்க நினைத்தது சாப்பாட்டை. ஐயரிலும் முகூர்த்தத்திலும் சொந்தக்காரர்கள் முன்னால் பரப்பி வைக்கும் சீர்வரிசையிலும் ஒருவரும் கைவைக்கவில்லை.

பஞ்சாங்கம் குறித்த ஒரே நாளில் ஊரே தாலி கட்ட வரிசையில் நின்றால் மண்டபக்காரர் வாடகையை ஏற்றாமல் என்ன செய்வார்? பூ, மேளம், வேன், சமையல்காரர் கூலி எல்லாம் அன்றைக்குத்தான் உச்சம். ஆடியிலும் மார்கழியிலும் அதே மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. போய்ப் பேசிப் பாருங்கள், அவரே இறங்கி வருவார். சுயமரியாதைக்காரர்கள் வேண்டுமென்றே இராகு காலத்தில் திருமணம் நடத்தினார்கள். மூடநம்பிக்கையை உடைக்கத்தான் செய்தார்கள், நமக்கு மடிப்பணமும் மிஞ்சுகிறது.

சட்டம் கேட்பதோ மிகக் குறைவு. 1967இல் அண்ணா ஆட்சி இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக இருவருக்கும் புரிந்த மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று. புரோகிதருக்கு அதில் வேலையே இல்லை. பிறகு பதிவு செய்துவிடுங்கள், அது கட்டாயம். (மதம் வேறென்றால் சிறப்புத் திருமணச் சட்டம், 30 நாள் அறிவிப்பு உண்டு.)

ஆனால் நம் தோழர்கள் மேடையில் சிக்கனத்தைப் பற்றிப் பெருமை பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. பெரியார் படம் இருக்கிறது, தலைவர் வாழ்த்துரை இருக்கிறது, மாப்பிள்ளை மட்டும் சொந்தச் சாதி! செலவு குறைந்தது, சரி. சாதிக்கு என்ன குறைந்தது?

சாதி கடந்து இணையும் பிள்ளைகளோ பதிவு அலுவலக வாசலில் இரண்டு நண்பர்களோடு, யார் வந்துவிடுவார்களோ என்று தெருவைப் பார்த்தபடி நிற்கிறார்கள். அதையும் 'எளிய திருமணம்' என்று நாம் பாராட்டிவிட்டு வருகிறோம். அந்த எளிமை அவர்கள் கேட்டதா? அவர்களுக்கும் மாலை, பாட்டு, பந்தியில் நூறு பேர் வேண்டும். சாதிசனம் மொய் எழுத வராவிட்டால் நாம் எழுத வேண்டும். சங்க அலுவலக மாடியைத் திறந்துவிடுங்கள். மாட்டுக்கறி பிரியாணி போடுங்கள், ஆட்டுக்கறியைவிட விலை குறைவு, ருசியும் கூடுதல்.

வரும் ஆடியில் எங்கள் ஊரில் அப்படி ஒரு இணைக்குத் திருமணம். இடம் கிடைத்துவிட்டது, சமைக்கவும் ஆள் இருக்கிறது. பெரிய அண்டா இரண்டு இரவல் வேண்டும்.