தாத்தாவின் பெருமை, பையனின் முழங்கால்

அந்தத் தாத்தாவுக்கு எழுபது வயசு தாண்டியிருக்கும். தலையில் கல்லூரிப் பெயர் போட்ட தொப்பி, கையில் காபி. எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரமாகக் கத்திக்கொண்டிருந்தார். வாழ்த்து இல்லை, வசவு!

என்னோடு பி.காம். படித்த நண்பன் அமெரிக்காவில், ஓஹாயோ மாநிலத்தில் இருக்கிறான். அவன் மகன் படித்த கல்லூரிக்கு ஓர் அக்டோபர் சனிக்கிழமை என்னை அழைத்துப் போயிருந்தான். அன்றைக்கு ‘ஹோம்கமிங்’. பழைய மாணவர்கள் தாய்வீட்டுக்குத் திரும்புகிற நாள். மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பேர் படிக்கிற கல்லூரி. ஃபுட்பால் ஆட்டம்தான் அன்றைய திருவிழா. திருவிழாவில் சாமி தோற்றுக்கொண்டிருந்தது. 42-க்கு 7.

ஒரு பையன் ஓடிப் போய்ப் பந்தைப் பிடிக்க எம்பினான். பிடி நழுவியது. எதிரணிக்காரன் இரண்டு பேர் அவன் மேல் விழுந்தார்கள். பையன் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. அதற்குள் தாத்தா எழுந்துவிட்டார். ‘எங்க காலத்துல இவனுங்ககிட்ட தோத்ததே கிடையாது’ என்று மைதானத்துக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார்.

அன்று ராத்திரி அந்தப் பையனை மாணவர் உணவு விடுதியில் பார்த்தேன். நண்பன் மகனின் அறைத் தோழன். முழங்காலில் ஐஸ் பொட்டலம். மேஜையில் வேதியியல் புத்தகம். ‘திங்கக்கிழமை பரீட்சை அங்கிள்’ என்றான்.

அன்றைக்கே எழுத நினைத்த கட்டுரை இது.

சரி, ‘அமெரிக்காவில் ஏதோ ஒரு குட்டிக் கல்லூரி தோற்றால் எனக்கென்ன?’ என்று நீங்கள் கேட்பது புரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். அந்தத் தாத்தாவை உங்களுக்கும் தெரியும்.

முதலில் ஆட்டம். இது நாம் காலால் உதைக்கிற கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. தலைக்கவசம், தோள்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு ஆளோடு ஆள் மோதுவது. களத்தில் நிற்பது 11 பேர்தான். ஆனால் தாக்கி ஆட ஒரு 11, தடுத்து ஆட வேறு 11, உதைக்கத் தனி ஆள், அடிபட்டால் மாற்று ஆள்... எண்ணிக்கொண்டே போனால் ஓர் அணிக்கு எண்பது, நூறு பேர் வேண்டும். ஆயிரம் பேர் படிக்கிற கல்லூரியில் பாதி பெண்கள் என்றால், மிச்சமுள்ள ஆண்களில் ஐந்தில் ஒருத்தன் கவசம் மாட்ட வேண்டும்!

தொலைக்காட்சியில் நாம் பார்க்கிற லட்சம் பேர் கூடும் மைதானங்கள் பெரிய பல்கலைக்கழகங்களுடையவை. நான் சொல்கிற சின்னக் கல்லூரிகள் ‘மூன்றாம் பிரிவு’. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1973-ல் கல்லூரிகளை மூன்றாகப் பிரித்தது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கக் கூடாது. அந்தப் பையன் பந்து பிடிப்பதற்காக அவனுக்குக் காலணாகூட கிடையாது. ஃபீஸ் கட்டிப் படிக்கிறான், ஃபீஸ் கட்டி அடி வாங்குகிறான்.

இங்கேதான் என் பி.காம். மூளை விழித்துக்கொள்கிறது. இந்த நாடகத்தில் பெருமை யாருக்கு வரவு? தொப்பித் தாத்தாவுக்கு. முழங்கால் யாருக்குச் செலவு? பையனுக்கு. ஒருத்தர் கணக்கில் வரவு, இன்னொருத்தர் கணக்கில் செலவு. இப்படி ஒரு பேரேட்டை எந்த ஆடிட்டரிடம் காட்டினாலும் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

‘பழைய மாணவர்கள் நன்கொடை தருகிறார்களே?’ தருகிறார்கள், சந்தோஷம். நூலகத்துக்குக் காசு கொடுத்தவர் யாராவது வாசகசாலையில் நின்று, ‘ஏண்டா இன்னும் அந்தப் பக்கத்தையே படிச்சிட்டிருக்க?’ என்று அதட்டுகிறாரா? ஃபுட்பாலுக்கு மட்டும் ஏன் அந்த உரிமை?

வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுவோம்.

மினசோட்டா மாநிலத்தில் மெக்காலஸ்டர் என்று ஒரு கல்லூரி. ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் படித்த இடம். அதன் ஃபுட்பால் அணி 1974-லிருந்து 1980 வரை வரிசையாக 50 ஆட்டங்கள் தோற்றது. ஐம்பது! நாலு வருடப் படிப்பில் சேர்ந்து ஒரு வெற்றிகூடப் பார்க்காமலே பட்டம் வாங்கிப் போனவர்கள் உண்டு. கல்லூரி இடிந்து விழுந்ததா? இன்றைக்கும் நாட்டின் மதிப்பான கலைக் கல்லூரிகளில் அது ஒன்று.

இன்னொன்று, சிகாகோ பல்கலைக்கழகம். சின்ன இடம் இல்லை, ஆனால் பாடம் பெரிது. கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய தனிநபர் விருதான ஹைஸ்மன் கோப்பையை 1935-ல் முதன்முதலில் வாங்கியவர் அங்கே ஆடிய ஜே பெர்வாங்கர். அடுத்த நாலே வருடத்தில் மிச்சிகன் அணியிடம் 85-க்கு 0 என்று உதை. அந்த 1939-ம் ஆண்டின் கடைசியில் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் ஃபுட்பாலையே ஒழித்துவிட்டார். பழைய மாணவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால், 1942 டிசம்பர் 2-ம் தேதி அதே மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில் என்ரிகோ ஃபெர்மி குழுவினர் உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கரு தொடர்வினையை நடத்திக் காட்டினார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937-லேயே அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டவர். 1983-ல் நோபல் பரிசு வாங்கியபோதும் அங்கேதான் இருந்தார். அவர் கல்லூரி ஃபுட்பாலில் தோற்றது என்று யாராவது வருத்தப்பட்டார்களா? சிகாகோ 1969-ல் மறுபடி முறையான அணியைக் கொண்டுவந்தது. இப்போது ஆடுவது மூன்றாம் பிரிவில். அந்த வானம் இடியவே இல்லை.

‘அப்படியானால் ஜெயிக்கவே கூடாதா?’ ஜெயிப்பவர்கள் கதையையும் கேளுங்கள். அதே மினசோட்டாவில் செயின்ட் தாமஸ் என்ற பல்கலைக்கழகம் 2017-ல் செயின்ட் ஓலாஃப் கல்லூரியை 97-க்கு 0 என்று தோற்கடித்தது. எழுத்துப் பிழை இல்லை, தொண்ணூற்றேழுதான்! 2019-ல் கூட்டமைப்பின் மற்றக் கல்லூரிகள் சேர்ந்து, ‘உங்களோடு எங்களால் முடியாதப்பா’ என்று செயின்ட் தாமஸை வெளியேற்றின. 2021-ல் அது ஒரேயடியாக முதல் பிரிவுக்குப் போய்விட்டது. பழைய மாணவர்கள் ஆசைப்பட்டது போலவே ஜெயித்தால், கடைசியில் கூட ஆட ஆள் இருக்காது!

இப்போது ஸ்வார்த்மோர். ஃபிலடெல்பியா பக்கம், க்வேக்கர் சமயத்தார் 1864-ல் தொடங்கிய கல்லூரி. 1878-லிருந்து ஃபுட்பால். தொண்ணூறுகளில் தொடர்ந்து 28 தோல்வி. 1999-ல் அந்தச் சங்கிலியை உடைத்தார்கள். 2000-ல் நாலு ஆட்டம் ஜெயித்தார்கள். பையன்கள் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்த நேரம். அந்த டிசம்பரில் நிர்வாகக் குழு கூடி ஃபுட்பாலை மூடிவிட்டது. கல்லூரியில் மொத்தம் சுமார் 1,400 பேர். வருடத்துக்கு நாலில் ஒரு பங்குதான் புதிதாகச் சேர முடியும். எல்லா விளையாட்டுக்கும் ஆள் பிடிக்க ஆரம்பித்தால் மற்ற மாணவர்களுக்கு இடம் எங்கே என்பது நிர்வாகத்தின் கணக்கு.

கணக்கு தப்பில்லை. முடித்த விதம் தப்பு. நூற்றிருபது வருடப் பழக்கம் அது. நம்பி வந்து சேர்ந்த பையன்களை நடுவழியில் இறக்கிவிட்டுப் போன பஸ் மாதிரி. பழைய மாணவர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பில் நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால், ஒரே ஒரு கேள்வி. 28 ஆட்டம் வரிசையாகத் தோற்ற காலத்தில், குளிரில் மாடத்தில் வந்து உட்கார்ந்து கை தட்டியவர்கள் அவர்களில் எத்தனை பேர்? உயிரோடு இருக்கும்போது எட்டிப் பார்க்காமல், துக்க வீட்டில் மாரடிக்கிற உறவினரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோமே!

நிர்வாகங்களும் சும்மா இல்லை. மாணவர் சேர்க்கை குறைந்துபோன தனியார் கல்லூரிகளுக்கு ஃபுட்பால் ஒரு வியாபாரத் தந்திரம். அணி ஒன்று தொடங்கினால் நூறு பையன்கள் ஃபீஸோடு வருவார்கள். பழைய மாணவரிடம் ‘பாரம்பரியம்’ என்பார்கள், கணக்குப் புத்தகத்தில் ‘சேர்க்கை’ என்று எழுதுவார்கள். அது எப்போதும் காப்பாற்றுமா? அலபாமாவில் பர்மிங்காம்-சதர்ன் என்று ஒரு பழைய கல்லூரி. 2006-ல் முதல் பிரிவிலிருந்து இறங்குவதாக அறிவித்து, 2007-ல் புதிதாக ஃபுட்பால் அணி அமைத்தது. கடன் கழுத்தை நெரித்து, 2024 மே 31-ல் கல்லூரியே மூடப்பட்டது. அன்றைக்கு அதன் பேஸ்பால் அணி தேசிய இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பையன்கள் மைதானத்தில் இருக்க, அவர்கள் சட்டையில் இருந்த பெயருக்குச் சொந்தமான கல்லூரி மறைந்துபோனது. இதைவிடப் பெரிய தோல்வி எந்த ஸ்கோர் பலகையில் வரும்?

இனி உடம்புக்கு வருவோம். 2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இறந்துபோன ஃபுட்பால் ஆட்டக்காரர்களின் மூளைகளைப் பரிசோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கல்லூரி அளவோடு ஆட்டத்தை நிறுத்தியவர்களின் மூளைகள் 53. அவற்றில் 48-ல், திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வருகிற சி.டி.இ. என்ற சிதைவு இருந்தது. சந்தேகம் வந்த குடும்பங்கள் தானமாகக் கொடுத்த மூளைகள் அவை. ஆடியவர் எல்லோருக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. அதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. ஆனால், உங்கள் வீட்டுப் பையன் என்றால் அந்த 48 என்ற எண்ணை மறந்துவிட்டுத் தூங்குவீர்களா?

இப்போது எனக்குப் பிடித்த கதை. ஐயோவா மாநிலத்தில் கிரின்னல் கல்லூரி. இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் படித்த இடம். 2019-ல் அதன் ஃபுட்பால் அணி முதல் மூன்று ஆட்டமும் தோற்றது. 39 பேரோடு தொடங்கிய அணியில் ஆடுகிற நிலையில் இருந்தது 28 பேர்தான். ஆட்டக்காரப் பையன்களே உட்கார்ந்து பேசி, ‘இந்த சீசனில் இனி ஆடுவது ஆபத்து’ என்று முடிவெடுத்தார்கள். மிச்ச ஆட்டங்கள் ரத்து.

கோழைகள் என்கிறீர்களா? நான் சொல்கிறேன், அந்த வருடம் அமெரிக்காவில் நடந்த வீரமான காரியங்களில் அது ஒன்று. இருபது வயதுப் பையன், ‘என்னால் முடியவில்லை’ என்று பெரியவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு, மோதி விழுவதைவிட அதிகத் தைரியம் வேண்டும்.

பழைய மாணவர்கள் எதையும் எதிர்பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதிர்பாருங்கள். நன்றாகவே எதிர்பாருங்கள். ஆனால், கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ‘எத்தனை ஆட்டம் ஜெயித்தீர்கள்?’ வேண்டாம். ‘அணிக்குப் போதுமான ஆள் இருக்கிறதா? அடிபட்டால் பார்க்கத் தகுதியான மருத்துவ ஆள் மைதானத்தில் நிற்கிறாரா? ஆய்வுக்கூட வகுப்பு இருந்தால் கோச் பையனை விடுகிறாரா? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள்?’ இந்த நாலு கேள்விக்கும் பதில் சரியாக வராவிட்டால், கத்துங்கள். அப்போது நானும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கத்துகிறேன். ஆனால், கத்தல் நிர்வாகத்தின் அறையை நோக்கி இருக்கட்டும். களத்தில் கிடக்கிற பையனை நோக்கி வேண்டாம்.

தாத்தாவுக்கு என்ன குறை என்று அப்புறம்தான் புரிந்தது. அவருக்குக் கல்லூரி ஜெயிக்க வேண்டியதில்லை. தன்னுடைய இருபது வயசு ஜெயிக்க வேண்டும். அது போய் ஐம்பது வருடம் ஆகிவிட்டது. அதை மீட்டுத் தர வேதியியல் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பையனால் முடியாது. ஒரு கோப்பையாலும் முடியாது.

நாம் மட்டும் யோக்கியமா? நாம் கோட்டைவிட்ட மார்க்கைப் பிள்ளையிடம் கேட்கிறோம். நாம் ஏறாத மேடையில் அவனை ஏற்றிவிட்டுக் கீழே நின்று பல்லைக் கடிக்கிறோம். தொப்பி போடவில்லை, அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது தாத்தா கைத்தடியை ஊன்றி மெதுவாகப் படி இறங்கினார். வலது கால் கொஞ்சம் இழுத்தது. ‘அவரும் ஒரு காலத்துல டீமில் ஆடினவர்டா. அப்போ முழங்காலில் பட்ட அடி, இன்னும் சரியாகல’ என்றான் நண்பன்.

அந்த வலியை ஐம்பது வருடமாகச் சுமக்கிறவர், வேறு யாரைவிடவும் முதலில் அந்தப் பையனிடம் போய்க் கேட்டிருக்க வேண்டியது ஒன்றுதான்.

‘தம்பி, கால் எப்படி இருக்கு?’