பதினோரு மணி அடித்ததும்

எங்கள் எதிர் வீட்டு அக்காவுக்குப் பகல் பதினோரு மணிக்குத்தான் கொஞ்சம் ஒழியும். பேத்தியைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, முறத்தில் கீரையோ கொத்தவரங்காயோ எடுத்துக்கொண்டு எங்கள் கூடத்துக்கு வந்துவிடுவார். டெலிவிஷனில் பழைய படம் ஓடினால் பார்ப்பார். இல்லாவிட்டால் ஊர் வம்பு.

பார்லிமெண்ட் கூடியிருந்த சமயம் அது. அன்றைக்கு நான் சன்சத் டி.வி.யை வைத்திருந்தேன். சபாநாயகர் வந்தார். எல்லோரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். கேள்வி கேட்க வேண்டிய அங்கத்தினரின் பெயரை அவர் கூப்பிட்டதுதான் தாமதம், ஒரே கூச்சல்! நாலு பேர் சபையின் நடுவுக்கே வந்துவிட்டார்கள். சபாநாயகர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். மூன்றாம் தடவை, பன்னிரண்டு மணி வரை சபையை ஒத்திவைத்துவிட்டு எழுந்து போனார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று அடித்து நாலு நிமிஷம்.

"இவ்வளவுதானா? இதைப் பார்த்த நேரத்தில் கருவேப்பிலை உருவியிருப்பேன்!" என்றார் அக்கா.

சகோதரிகளே, நீங்களும் இப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். நானும் பல நாள் சொன்னவள்தான். ஆனால் அன்றைக்கு அந்த நாலு நிமிஷத்தில் எதிர் வீட்டு அக்காவுக்கு ஒரு நஷ்டம் ஏற்பட்டிருந்தது. பாவம், அவருக்கே அது தெரியாது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

லோக்சபை பகல் பதினோரு மணிக்குக் கூடுகிறது. முதல் ஒரு மணி நேரம் கேள்விகளுக்கு. (ராஜ்யசபையில் 2014 முதல் இதைப் பன்னிரண்டு மணிக்கு மாற்றிக்கொண்டார்கள்.) ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு மந்திரிகள் சபையில் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். பட்டியலில் இந்தக் கேள்விகளின் தலையில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கும். ஆகவே இவை நட்சத்திரக் கேள்விகள். நட்சத்திரம் இல்லாத கேள்விகள் 230 உண்டு. அவற்றுக்கு எழுத்தில் பதில் வந்துவிடும். எல்லா அங்கத்தினர்களும் கேட்க ஆசைப்படுவார்கள் என்பதால் யாருடைய கேள்வி எந்த இடம் என்பதைக் குலுக்கல் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். நம் சீட்டுக் கம்பெனி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பதினைந்து நாளுக்கு முன்பே கேள்வியை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எனவே மந்திரிக்கு அது முன்னாலேயே தெரியும். காரியதரிசிகள் ஆராய்ந்து, ஒட்டுப் போட்டு, இஸ்திரி போட்டுப் பதிலைத் தயார் செய்து கையில் கொடுத்திருப்பார்கள். "பதில் சபையின் மேஜை மீது வைக்கப்பட்டிருக்கிறது" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு மந்திரி உட்காரலாம்.

இதில் என்ன ருசி என்கிறீர்களா? ருசியெல்லாம் அதற்கப்புறம்தான் இருக்கிறது. கேட்டவர் எழுந்து இரண்டு உபகேள்விகள் போடலாம். பிறகு சபாநாயகர் அனுமதித்தால் மற்றவர்களும் போடலாம். அந்த உபகேள்வி முன்கூட்டி மந்திரிக்குத் தெரியாது. தயார் செய்த தாளில் அதற்குப் பதிலும் இராது. "பரிசீலனையில் இருக்கிறது" என்று தாள் சொன்னால், "எத்தனை வருஷமாக?" என்று கேட்கலாம். அவருக்குப் பின்னால் அதிகாரிகளின் இடத்திலிருந்து துண்டுச் சீட்டு வருவதற்குள் அவர் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

(எங்கள் வீட்டிலும் கேள்வி நேரம் உண்டு. மாதக் கடைசியில் வரும். பதில் சொல்ல வேண்டியவர் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். மேஜை மீது எதையும் வைக்க மாட்டார்.)

ஓர் உபகேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. உங்கள் வீட்டு அலமாரியில் எல்.ஐ.சி. பாலிஸி ஒன்றாவது இருக்குமல்லவா? அது சம்பந்தமான கதை.

1956 செப்டம்பர் 1-ஆம் தேதி, நாட்டில் இருந்த 245 இன்ஷூரன்ஸ் ஸ்தாபனங்களை ஒன்றாக்கி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனை ஆரம்பித்தார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1957 ஜூனில் அந்தக் கார்ப்பரேஷன், ஹரிதாஸ் முந்திரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. அவருடைய நிலைமை அப்போது நன்றாக இல்லை. வாங்கின பணமோ, வெற்றிலைக் காசு மிச்சம் பிடித்து ஜனங்கள் கட்டிய பிரீமியம். லோக்சபையில் இதைப் பற்றிக் கேள்வி வந்தது. பதில் வழுக்கலாக வந்தது. விட்டார்களா? மறுபடியும் கேட்டார்கள். டிசம்பர் 16-ஆம் தேதி பெரோஸ் காந்தி எழுந்து, இன்ன தேதியில் இன்ன விலை, ஏன் கூடுதல் விலை கொடுத்து வாங்கினீர்கள் என்று புள்ளி விவரத்தோடு பிடித்துக்கொண்டார். அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. ஆளும் கட்சி அங்கத்தினர். போதாததற்குப் பிரதம மந்திரி நேருவின் மாப்பிள்ளை! மாமனார் முன் வரிசையில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை பின்னாலிருந்து சர்க்காரைக் குடைகிறார்.

பம்பாய் ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி சாக்ளாவைக் கொண்டு விசாரணை நடந்தது. கதவை மூடிக்கொண்டு அல்ல. ஜனங்கள் எல்லோரும் பார்க்கும்படி நடந்தது. 1958 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. அதே மாதம் நிதி மந்திரி ராஜினாமா செய்தார். அவர் வேறு யாருமில்லை, நம் சென்னைக்காரர் டி. டி. கிருஷ்ணமாச்சாரிதான். கெட்டிக்காரர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட மனிதர். நமக்கு வருத்தமாகக்கூட இருக்கலாம். ஆனால் எங்கேயோ ஒரு கிராமத்தில் புருஷனை இழந்தவள் நம்பியிருந்த பாலிஸிப் பணத்துக்கு, டில்லியில் எழுந்து நின்று கணக்குக் கேட்க ஆள் இருந்ததே!

இனி அந்த நாளின் பாக்கியைச் சொல்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு 'பூஜ்ய நேரம்' என்று ஒன்று வரும். சட்டப் புத்தகத்தில் இந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. 1960-களில் தானாக முளைத்து வழக்கமாகிவிட்டது. அவரவர் தொகுதியில் ரயில் நிற்கவில்லை, வெள்ளத்துக்கு நிவாரணம் வரவில்லை என்று இரண்டு மூன்று நிமிஷத்தில் முறையிடுவார்கள். இலாகா அறிக்கைகளைக் கட்டுக் கட்டாக மேஜை மீது வைப்பதும் இந்தச் சமயத்தில்தான். சாப்பாட்டுக்குப் பிறகு மசோதா. இரண்டு மணிக்கு மேல் சபையைப் பார்த்தால், கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தல் மாதிரி இருக்கும். பத்தில் ஒரு பங்கு அங்கத்தினர்கள் இருந்தாக வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. 543 பேர் கொண்ட சபைக்கு 55 பேர். குறைகிறது என்று யாராவது எழுந்து சொன்னால் மணி அடிப்பார்கள். காப்பி சாப்பிடுகிறவர்கள் அவசரமாக ஓடி வருவார்கள்.

அந்தப் பாதிக் காலியான மத்தியானத்தில்தான் ஷரத்து ஷரத்தாக மசோதாவைப் படித்து, "ஆம்" என்கிறவர்கள் ஆம் என்க, "இல்லை" என்கிறவர்கள் இல்லை என்க, சட்டம் உருவாகிறது. கேட்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வரதட்சிணைத் தடைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாசகத்தைப் பற்றி இரண்டு சபைகளுக்கும் ஒத்துப்போகவில்லை. முடிவில் 1961 மே 6, 9 தேதிகளில் இரண்டு சபைகளும் ஒன்றாக உட்கார்ந்தன. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் கூட்டுக் கூட்டம். அதற்குப் பிறகு இம்மாதிரி 1978-இலும் 2002-இலும் மட்டுமே நடந்திருக்கிறது. நம்முடைய வீட்டுக் கல்யாண சமாசாரத்துக்காகப் பார்லிமெண்ட் முழுவதும் கூடிற்று என்றால் பெருமையாகத்தான் இருக்கிறது.

அப்படிக் கூடியும் சட்டத்தின் 2-வது பிரிவில் ஒரு விளக்கம் தங்கிவிட்டது. கல்யாணத்தின்போது கொடுக்கும் ரொக்கம், நகை, துணிமணி ஆகியவை, கல்யாணத்துக்குப் பிரதியாகக் கொடுத்தவை என்று ஏற்பட்டாலொழிய வரதட்சிணை ஆகாது என்று அதற்கு அர்த்தம். இதைவிட வேறு என்ன வேண்டும் பிள்ளை வீட்டாருக்கு? "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களாகப் பிரியப்பட்டுச் செய்தார்கள்" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. 1984-இல்தான் அந்த விளக்கத்தை எடுத்தார்கள். இருபத்துமூன்று வருஷம்! அதற்கிடையில் எத்தனை பெண்ணைப் பெற்றவர்கள் பாத்திரக் கடைக்கும் நகைக் கடைக்கும் நடந்திருப்பார்கள்? நம் தாயார் காலத்துக் கல்யாணங்களை நினைத்துப் பாருங்கள். ஷரத்துகளைப் படிக்கும்போது நாம் கொட்டாவி விடுகிறோம். அதன் கிரயம் நம் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறது.

வெள்ளிக்கிழமை மாலை இரண்டரை மணி நேரம், மந்திரி அல்லாத அங்கத்தினர்களுடைய மசோதாக்களுக்கு. அநேகமாக எல்லாம் பேச்சோடு சரி. 1970 வரை 14 மசோதாக்கள்தான் சட்டமாயின. அதற்குப் பிறகு ஒன்றுகூட ஆகவில்லை. அந்தப் பதினான்கில் ஒன்று தெஹ்ரி கர்வால் ராஜமாதா கமலேந்துமதி ஷா கொண்டுவந்தது. அநாதைப் பெண்களையும் குழந்தைகளையும் வைத்துக் காப்பாற்றும் விடுதிகள் லைசென்ஸ் வாங்கித்தான் நடத்த வேண்டும் என்ற 1956-ஆம் வருஷத்துச் சட்டம் அது. இந்த அம்மாளைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத எனக்கு ஆசை.

பட்ஜெட் சமயத்தில் நடக்கும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இலாகா இலாகாவாகச் செலவை விவாதித்து அனுமதிக்க நாட்கள் குறித்திருப்பார்கள். கடைசி நாள் மணி அடித்ததும், விவாதிக்காமல் பாக்கியிருப்பவை எல்லாம் ஒரே மூச்சில் ஓட்டுக்கு விடப்படும். இதற்குக் 'கில்லட்டின்' என்று பெயர். தலையை வெட்டும் யந்திரத்தின் பெயர்தான். 2013-இலும் 2018-இலும் ஒரு இலாகாகூட விவாதத்துக்கு வராமல் எல்லாமே இந்தக் கத்திக்குப் போயின. முன்னதில் ஒரு கட்சியின் ஆட்சி, பின்னதில் இன்னொரு கட்சியின் ஆட்சி. கத்திக்குக் கட்சி கிடையாது. பால்காரர் கணக்கை நாம் இப்படிப் பார்க்காமல் பைசல் செய்வோமா?

கேள்வி நேரமே இல்லாத ஒரு கூட்டத் தொடரும் உண்டு. கொரோனாவைக் காட்டி 2020 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். எழுத்துப் பதில்கள் மட்டும் வந்தன.

சரி, எதிர் வீட்டு அக்காவின் நஷ்டத்துக்கு வருகிறேன்.

அவருடைய வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷம் பஞ்சாலையில் உழைத்தவர். 1995-இல் தொழிலாளர் பென்ஷன் திட்டம் வந்தபோது அவருடைய வேலைக் காலத்தில் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது. இப்போது அவர் இல்லை. அக்காவுக்கு வருவது விதவைப் பென்ஷன். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயம் செய்தார்களே, அந்தத் தொகைதான். அதை உயர்த்தினால் என்ன என்று இரண்டு சபைகளிலும் அங்கத்தினர்கள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள். அக்கா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அன்றைக்கு நட்சத்திரப் பட்டியலில் மூன்றாவதாக நின்றதும் அந்தக் கேள்விதான்.

சபை ஒத்திவைக்கப்பட்டால் கேள்வி செத்துவிடாது. தயாராக இருந்த பதில் மேஜை மீது வைக்கப்பட்டதாகக் கருதப்படும், அச்சிலும் வரும். உபகேள்வி மட்டும் இல்லை.

சாயங்காலம் பேத்தி தன் போனில் அந்தப் பதிலைத் தேடி எடுத்தாள். இரண்டு பக்கம். திட்டம் எப்போது வந்தது, யார் எவ்வளவு கட்டுகிறார்கள், நிதியின் நிலைமை என்ன, கோரிக்கைகள் வந்திருக்கின்றன, எல்லாம் இருந்தது. அவள் வரி வரியாகத் தமிழில் சொல்ல, அக்கா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரி அம்மா. ஏற்றுவார்களா, மாட்டார்களா? எப்போது? இதை யாரும் கேட்கவில்லையா?"

பேத்தி என்னைப் பார்த்தாள்.

மறுநாள் அக்கா பத்தே முக்காலுக்கே முறத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குச் சபை அமைதியாக நடந்தது. முதல் கேள்வி ரயில்வே பற்றியது. மந்திரி பதிலைப் படித்து முடித்ததும் நான் வழக்கம்போல் ஏதோ வம்பு ஆரம்பித்தேன்.

"கொஞ்சம் சும்மா இரு அம்மா, உபகேள்வி வருகிறது!" என்றார் அக்கா.